ஆர்.எச். நெகட்டிவ்: தலைப்பிள்ளைக்கு 28வது வார ஊசி எதுக்கு?

உசிலைத்தம்பி | 2 ஏப்ரல், இரவு 9.40

வீட்ல பி நெகட்டிவ். எனக்கு ஓ பாசிட்டிவ். தலைப்பிள்ளை, 26 வாரம். 28ல ஆன்டி-டி ஊசின்னு டாக்டர் எழுதிட்டார். "முதல் பிள்ளைக்கு ஒண்ணும் செய்யாது, பிறந்தப்புறம் ஒண்ணு போட்டாப் போதும், எதுக்கு ரெட்டைச் செலவு"ன்னு பெரியவங்க. மெடிக்கல்காரரும் அதையே சொல்றார். அடுத்த வாரம் வளைகாப்பு, முடிஞ்சதும் மேலூர் கூட்டிட்டுப் போயிருவாங்க. போடணுமா, வேணாமா?

லேப்காரர் | 2 ஏப்ரல், இரவு 10.30

பெரியவர்கள் சொல்வதில் முதல் பாதி சரி. இரண்டாம் பாதி பழசு.

முதல் பிள்ளைக்குப் பெரும்பாலும் எதுவும் ஆகாது. இந்த ஊசி அந்தப் பிள்ளைக்காகப் போடுவதும் இல்லை. பிள்ளை பாசிட்டிவாக இருந்து அதன் ரத்தம் கொஞ்சம் தாயின் ரத்தத்தில் கலந்தால், பாசிட்டிவ் ஆட்களின் சிவப்பணு மேல் மட்டும் இருக்கும் டி என்ற பொருளைத் தாயின் உடம்பு அந்நியமாகப் பார்க்கும், அதற்கு எதிர்ப்புப் புரதம் தயாரிக்கக் கற்றுக்கொள்ளும். கற்றுக்கொள்ள வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். முதலில் வருவது ஐ.ஜி.எம். வகை. அது நச்சுக்கொடியைத் தாண்டாது. அதற்குள் தலைப்பிள்ளை பிறந்துவிடும். அடுத்த முறை ஒரு பாசிட்டிவ் பிள்ளை தங்கினால் சில நாளிலேயே ஐ.ஜி.ஜி. ஏராளமாகக் கிளம்பும். அது தாண்டும். பிள்ளையின் சிவப்பணுக்களை உடைக்கும். சோகை, உடம்பெல்லாம் நீர்கோத்த வீக்கம், பிறந்த அன்றே மஞ்சள்காமாலை, மோசமானால் வயிற்றுக்குள்ளேயே இறப்பு. ஆன்டி-டி ஊசி உடம்பு இதைக் கற்றுக்கொள்ளாமல் தடுக்கத்தான். ஒருமுறை கற்றுக்கொண்ட உடம்பை மறக்கவைக்க எந்த ஊசியும் கிடையாது.

கணக்கு இது. தாயும் பிள்ளையும் ஏ-பி-ஓ வகையில் ஒத்துப்போகிற நிலையில், ஊசியே போடாவிட்டால் 100 தாய்மாரில் சுமார் 16 பேருக்கு எதிர்ப்பு உருவாகும். பிரசவத்துக்குப் பின் மட்டும் போட்டால் 1 அல்லது 2 பேர். 28வது வாரத்திலும் சேர்த்துப் போட்டால் ஆயிரத்துக்கு 1 முதல் 3 பேர். நடுவில் இருக்கும் அந்த ஒன்றிரண்டு சதவீதம் யார் என்றால், கடைசி மூன்று மாதத்தில் வலியோ கசிவோ தெரியாமல் ரத்தம் கலந்துவிட்டவர்கள். பிறந்த பிறகு போடும் ஊசி அவர்களுக்கு லேட்.

லேப்காரர் | 2 ஏப்ரல், இரவு 10.45

ஒன்று விட்டுப்போச்சு. தாய் ஓ குரூப், பிள்ளை ஏ அல்லது பி என்றால் தாயின் ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் எதிர்ப்பே உள்ளே வந்த சிவப்பணுவைத் தீர்த்துவிடும். டி கண்ணில் படும் முன்பே காலி. அப்போது அந்த 16 என்பது 2 ஆகக் குறையும். உங்கள் ஜோடியில் அந்தச் சலுகை இல்லை. பி தாய்க்கும் ஓ தகப்பனுக்கும் பிள்ளை பி அல்லது ஓதான், இரண்டுமே தாயோடு ஒத்துப்போகும்.

நைட்டூட்டி | 3 ஏப்ரல், காலை 6.10

தம்பி, போடணும். அதுல பேச்சே இல்ல. எனக்குக் கவலை உங்க வளைகாப்புதான்.

ஏழாம் மாசம்னா கணக்குப்படி 28 வாரத்தை ஒட்டித்தான் வரும். இங்க காட்டுற டாக்டர் "போறதுக்கு முன்னாடி போட்டுக்கலாம்"ம்பாங்க, அங்க பாக்குற டாக்டர் "அங்கயே போட்டிருப்பாங்க"ன்னு நினைப்பாங்க. பொண்ணு இந்த ஆஸ்பத்திரியில இருந்து அந்த ஆஸ்பத்திரிக்குப் போற பத்து நாள்ல ஊசி காணாமப் போகும். அட்டையில டி.டி. ஊசிக்கு நேரா டிக் இருக்கும், அதைப் பாத்துட்டு "ஊசி போட்டாச்சு"ன்னு வீட்ல சொல்லிருவாங்க. ரெண்டும் வேற வேற ஊசி.

வரிசை இதுதான்: மொதல்ல கையில ரத்தம் எடுத்து ஐ.சி.டி., அதாவது மறைமுகக் கூம்ப்ஸ் டெஸ்ட். தாய் ரத்தத்துல எதிர்ப்பு ஏற்கெனவே இருக்கான்னு பாக்குறது. அது நெகட்டிவ்னு வந்தா ஊசி. ஊசி போட்டுட்டு ரத்தம் எடுத்தா அந்த டெஸ்டுக்கு அர்த்தமே இல்ல. பேறுகாலம் பதியும்போது ஒரு ஐ.சி.டி. பாத்திருப்பாங்க, ஆனாலும் 28ல திரும்பப் பாக்கணும். டோஸ் 300 மைக்ரோகிராம், மேல்கை சதையில. சில ஊர்ல பழக்கத்துல இடுப்புல போடுவாங்க, உடம்பு கனமா இருந்தா மருந்து கொழுப்புலயே நின்னுக்கும். கைதான் நல்லது. போட்டதும் அரைமணி நேரம் உக்காந்துட்டுப் போங்க. ஒவ்வாமை அபூர்வம்தான், ஆனா வந்தா பெரும்பாலும் அந்த அரைமணிக்குள்ள வரும்.

உசிலைத்தம்பி | 3 ஏப்ரல், காலை 8.00

சரிக்கா. என் குரூப்பைத் திரும்பப் பாக்கணுமா? லைசென்ஸ்ல ஓ பாசிட்டிவ்னு இருக்கு.

லேப்காரர் | 3 ஏப்ரல், காலை 11.20

பாருங்கள். லைசென்ஸில் இருப்பது விண்ணப்பத்தில் நீங்கள் எழுதிக் கொடுத்தது, யாரும் சோதித்தது இல்லை. ரத்ததான முகாமில் கொடுத்த கார்டு இருந்தால் நம்பலாம்.

கணவனும் உண்மையில் நெகட்டிவ் என்றால் பிள்ளையும் நெகட்டிவ்தான், ஊசிக்கே வேலையில்லை. பாசிட்டிவ் என்றால் இரண்டு வகை. உங்கள் அப்பாவோ அம்மாவோ நெகட்டிவ் என்றால் உங்களிடம் ஒரு பங்கு டிதான் இருக்கிறது, பிள்ளை பாசிட்டிவாக இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இரண்டு பங்கும் இருந்தால் எல்லாப் பிள்ளையும் பாசிட்டிவ். எந்த வகையானாலும் 28வது வார ஊசி மாறாது, ஏனென்றால் வயிற்றிலிருக்கும் பிள்ளையின் குரூப் அப்போது தெரியாது. தாயின் ரத்தத்திலிருந்தே பிள்ளையின் டி-யைப் பார்க்கும் மரபணுச் சோதனை இருக்கிறது, ஆனால் நம் பக்கம் வழக்கத்தில் இல்லை.

தெற்குமாசி | 3 ஏப்ரல், மதியம் 2.15

மெடிக்கல்காரர் மேல பழி போட்டதால வந்தேன். கடைக்காரனா சில விஷயம்.

ஒண்ணு, யூனிட். 1500 ஐ.யூ.ன்னு எழுதினாலும் 300 மைக்ரோகிராம்னு எழுதினாலும் ஒண்ணுதான். ஒரு மைக்ரோகிராமுக்கு 5 ஐ.யூ. சீட்டுல அவசரத்துல "300 ஐ.யூ."ன்னு எழுதினா அது வெறும் 60 மைக்ரோகிராம், அஞ்சுல ஒரு பங்கு. சந்தேகம் வந்தா டாக்டருக்குப் போன் போட்டுக் கேக்குறதுதான் முறை. 150 மைக்ரோ வயலும் விக்குது, 300 இல்லைன்னா 150 ரெண்டு சரி, 150 ஒண்ணு சரியில்ல.

ரெண்டு, குளிர். 2 முதல் 8 டிகிரி. ஃப்ரீசர்ல வச்சு உறைஞ்சா அந்த வயலைத் தூக்கிப் போட வேண்டியதுதான், உருகினதும் பாக்க நல்லாத்தான் இருக்கும், வேலை செய்யும்னு நம்ப முடியாது. ஏப்ரல் வெயில்ல உசிலம்பட்டி பஸ்ல சட்டைப் பையில வச்சுக் கொண்டுபோறவங்க உண்டு. வாய் அகன்ற பிளாஸ்க், அடியில ஜெல் பேக், வயலைப் பேப்பர்ல சுத்தி மேல வைங்க. ஐஸ் நேராப் படக்கூடாது. இன்னும் நல்லது, ஊசி போடுற இடத்துக்குப் பக்கத்துலயே வாங்குறது.

மூணு, தூளா வர்ற வகையும் உண்டு, கூடவே கரைக்கிற தண்ணி இருக்கும். குலுக்காம மெதுவாச் சுழட்டணும். "தசையில் மட்டும்"னு லேபிள்ல போட்டிருந்தா நரம்புல ஏத்தக்கூடாது.

பெரியாஸ்பத்திரியில காசில்லாமப் போடுறாங்க. ஆனா எந்த அரசு ஆஸ்பத்திரியானாலும் அன்னைக்கு ஸ்டாக் இருக்கும்னு நம்பி 28வது வாரம் அன்னைக்குப் போய் நிக்காதீங்க. ஒரு வாரம் முந்தியே கிராம சுகாதார செவிலியர்கிட்ட சொல்லி வைங்க.

மேலமடை | 5 ஏப்ரல், இரவு 11.05

28 என்ற எண் ஏன் என்று யாரும் சொல்லவில்லை. ஊசியின் அரைவாழ்வு சுமார் மூன்று வாரம். 28ல் போட்ட 300 மைக்ரோகிராம் 40 வாரம் வரும்வரை ஓரளவு மிச்சமிருக்கும். 20ல் போட்டால் கடைசி மாதத்தில் தீர்ந்துவிடும், 34ல் போட்டால் நடுவில் இருக்கும் கலப்பு தப்பிவிடும். ஒருநாள் இருநாள் முன்பின் ஆனால் ஒன்றும் இல்லை. 28 தாண்டி 31ல் நினைவு வந்தாலும் போட்டுவிடுங்கள், "வாரம் போச்சு" என்று விடுவதுதான் தப்பு.

28க்கு முன்பே போட வேண்டிய நேரங்களும் உண்டு. ரத்தக் கசிவு, கருச்சிதைவு, கருக்குழாயில் தங்கிய கரு, முத்துப்பிள்ளைக் கர்ப்பம் (கரு சரியாக உருவாகாமல் நச்சுக்கொடி கொப்புளமாக வளர்வது), பனிக்குட நீர் எடுத்த சோதனை, வயிற்றில் அடி. டூவீலரில் இருந்து விழுந்து வயிறு அடிபட்டால், கசிவு தெரியாவிட்டாலும், 72 மணி நேரத்துக்குள் ஊசி. 12 வாரத்துக்கு முன் என்றால் 50 மைக்ரோகிராம் போதும், நம் கடைகளில் கிடைப்பது 150, அதையே போடுகிறோம். இடையில் ஒரு ஊசி போட்டதால் 28வது வாரத்தது ரத்தாகாது.

நைட்டூட்டி | 6 ஏப்ரல், காலை 5.50

மேலமடை மேடம் சொன்னதுல ஒண்ணு அழுத்திச் சொல்லணும். கடையில மாத்திரை வாங்கிக் கருவைக் கலைச்சவங்க யாரும் குரூப் பாக்குறதில்ல. அது எந்த அட்டையிலயும் ஏறாது. அடுத்த பேறுகாலத்துல "தலைப்பிள்ளை"ன்னு எழுதுவாங்க. ஐ.சி.டி. பாசிட்டிவா வந்து நிக்கும், எப்படின்னு யாருக்கும் புரியாது. மாமியார் பக்கத்துல இல்லாதப்ப தனியாக் கேட்டாத்தான் விவரம் வரும்.

மேலமடை | 6 ஏப்ரல், இரவு 10.40

ஒரு திருத்தம், அல்லது சேர்க்கை. 12 வாரத்துக்கு உட்பட்ட கருக்கலைப்புக்கு இந்த ஊசி வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022 வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது. அந்த வாரங்களில் கலக்கும் ரத்தம் மிகக் கொஞ்சம் என்பது காரணம். இங்கே இன்னும் பெரும்பாலோர் போடுகிறோம். 8, 9 வாரத்தில் போடாமல் விட்டுப்போனவர்கள் அதனால் பயந்து சாக வேண்டாம். ஆனால் வாரக் கணக்கு சரியா என்று ஸ்கேனில் உறுதி செய்யாமல் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு அந்த ஆறுதல் பொருந்தாது.

உசிலைத்தம்பி | 17 ஏப்ரல், மாலை 5.30

ஐ.சி.டி. நெகட்டிவ். 300 போட்டாச்சு. கை கொஞ்சம் வலிக்குதாம்.

தெற்குமாசி | 17 ஏப்ரல், மாலை 5.50

வலி ரெண்டு நாள்ல போயிரும். வயல்ல இருந்த ஸ்டிக்கரை அட்டையில ஒட்டச் சொன்னீங்களா? பேட்ச் நம்பர், டோஸ், தேதி, நேரம். ஒட்டாட்டி திரும்பப் போய் ஒட்டிட்டு வாங்க.

உசிலைத்தம்பி | 1 மே, இரவு 8.20

அக்கா, அண்ணே, அவசரம். மேலூர்ல புதுசாப் பாக்குற இடத்துல எல்லாருக்கும் எடுக்குற மாதிரி ஐ.சி.டி. திரும்ப எடுத்திருக்காங்க. "பாசிட்டிவ்"னு வந்திருக்கு. "உடம்புல எதிர்ப்பு உருவாகிருச்சு, இனிமே ஊசி பிரயோஜனம் இல்ல"ன்னு ஒருத்தர் சொல்லிட்டார். வீட்ல அழுகை. ஊசியாலயே கெட்டுப்போச்சான்னு மாமனார் கேக்குறார்.

லேப்காரர் | 1 மே, இரவு 8.35

கெட்டுப்போகவில்லை. இரண்டு வாரத்துக்கு முன் போட்ட ஆன்டி-டியைத்தான் அந்த டெஸ்ட் காட்டுகிறது. ஊசிக்குள் இருப்பதே டிக்கு எதிரான ஐ.ஜி.ஜி., ஐ.சி.டி. தேடுவதும் அதையே. இது வாடகைக்கு வந்து தங்கியிருப்பது, சொந்த வீடு கட்டியது இல்லை. 12 வாரம், சில சமயம் அதற்கு மேலும், மெல்லிய பாசிட்டிவாகத் தெரியும்.

பிரித்துப் பார்க்க வழி உண்டு. அளவு, அதாவது டைட்டர் கேளுங்கள். ஊசியால் வந்தது 1:2, 1:4 என்று கீழே நிற்கும், வாரம் போகப் போக இறங்கும். உடம்பே தயாரித்தது நாள் ஆக ஆக ஏறும். 28வது வாரத்தில் ஊசிக்கு முன் எடுத்த நெகட்டிவ் ரிப்போர்ட் கையில் இருக்கிறதல்லவா, அதுதான் இப்போது சாட்சி. அதையும் ஸ்டிக்கர் ஒட்டிய அட்டையையும் மேலூர் டாக்டரிடம் காட்டுங்கள். லேபுக்கு அனுப்பும் சீட்டில் "ஆன்டி-டி 300 மைக்ரோகிராம், ஏப்ரல் 17" என்று எழுதாமல் அனுப்பினால் இப்படித்தான் வரும். லேபில் இருப்பவருக்கு டியூப் மட்டும்தான் தெரியும்.

நைட்டூட்டி | 2 மே, காலை 6.00

இதையே இன்னொரு தடவை பாப்பீங்க, பிரசவத்தப்போ. அப்பவும் ஐ.சி.டி. லேசா பாசிட்டிவ் வரலாம். அதைக் காட்டி "ஊசி வேணாம்"னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க. பிள்ளை பாசிட்டிவ்னா பிரசவத்துக்கு அப்புறம் ரெண்டாவது ஊசி கட்டாயம். 28ல போட்டது அதுக்குப் பதில் ஆகாது.

உசிலைத்தம்பி | 3 மே, மதியம் 1.10

டைட்டர் 1:2. டாக்டர் அட்டையப் பாத்துட்டு "சரிதான்"னுட்டார். மாமனார் ஒரு வேளைக்கு ரெண்டு வேளை காப்பி குடிச்சிட்டு நிம்மதியா இருக்கார்.

வைகைக்கரை | 4 மே, இரவு 9.15

இடையில் புகுவதற்கு மன்னிக்கணும். எங்க வீட்ல தாய்மாமனுக்கே கட்டிக் கொடுத்தோம். நெகட்டிவ் பிரச்சினை சொந்தத்துல கட்டுறதாலதானே வருது?

லேப்காரர் | 4 மே, இரவு 9.50

நேர்மாறு. நெகட்டிவ் பெண்ணுக்கு ஒரு பங்கு குறை அம்மா வழியில் வந்தது. அம்மாவின் தம்பியிடமும் அதே பங்கு இருக்க வெளி ஆளைவிட வாய்ப்பு அதிகம். அவரும் நெகட்டிவ் ஆக, அல்லது பிள்ளை நெகட்டிவ் ஆக வாய்ப்பு கூடுகிறது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் தாய்மாமன் லாபம். இதைப் படித்துவிட்டு யாரும் பரிசம் போடக் கிளம்ப வேண்டாம், மற்ற மரபணு நோய்களின் கணக்கு வேறு. நம் நாட்டில் நூற்றுக்கு சுமார் 5 பேர் நெகட்டிவ், பெரும்பாலும் வெளியில் கட்டியவர்கள் வீட்டிலேயே இந்தப் பிரச்சினை வரும்.

வைகைக்கரை | 5 மே, காலை 7.30

பொண்ணுக்கு ஒரு லேப்ல பி பாசிட்டிவ், ஒரு லேப்ல பி நெகட்டிவ். எதை நம்புறது?

லேப்காரர் | 5 மே, இரவு 10.10

இரண்டுமே உண்மையாக இருக்கலாம். வீக்-டி என்று ஒரு வகை, அணு மேல் டி குறைவாக இருப்பது. சாதாரண முறையில் பார்த்தால் அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாது, நெகட்டிவ் என்று வரும்; கூம்ப்ஸ் முறையில் பார்த்தால் ஒட்டும், பாசிட்டிவ் என்று வரும். ரத்தம் கொடுப்பவராக வந்தால் அவரைப் பாசிட்டிவ் என்று எழுத வேண்டும், ஏனென்றால் அந்த ரத்தம் ஒரு நெகட்டிவ் ஆளைத் தூண்டிவிடலாம். கர்ப்பிணியாக, ரத்தம் பெறுபவராக வந்தால் மரபணு வகை தெரியாத நம் ஊர் நிலைமையில் நெகட்டிவ் போல நடத்துவது பாதுகாப்பு. முகாம் கார்டு பாசிட்டிவ், ஆஸ்பத்திரி சீட்டு நெகட்டிவ் என்று வந்தால் இரண்டையும் ரத்த வங்கிக்குக் கொண்டுபோங்கள், ஒன்றைக் கிழித்துப் போடாதீர்கள்.

பிறந்த பிள்ளை வீக்-டி என்றால் கணக்கு எளிது: பாசிட்டிவ். தாய்க்கு ஊசி.

நைட்டூட்டி | 11 மே, காலை 5.40

நாளைக்கு அழகர் ஆத்துல இறங்குறார். கோரிப்பாளையம் பக்கம் ரோடு அடைச்சிருப்பாங்க, கடை பாதி மூடியிருக்கும். அதனால ஒரு விஷயம். 72 மணி நேரம்னா மூணு வேலை நாள் இல்ல. பிள்ளை பிறந்த நிமிஷத்துல இருந்து ஓடுற கடிகாரம். சனி ராத்திரி பிறந்தா செவ்வா ராத்திரியோட சரி. திருவிழாவோ தீபாவளியோ அது நிக்காது. நெகட்டிவ் பொண்ணுங்க வீட்ல தேதி நெருங்குறப்ப எந்த ஆஸ்பத்திரியில வயல் இருப்பு இருக்குன்னு முன்னாடியே கேட்டு வைக்கணும். 72 தாண்டிருச்சுன்னா? அப்பவும் போடுங்க. பத்து நாள் வரைக்கும் ஓரளவு பலன் உண்டு, 28 நாள் வரைக்கும்கூடப் போடலாம்னு சொல்றாங்க. தாமதமான ஊசி போடாத ஊசியைவிட மேல்.

பிரசவ அறையில நடக்க வேண்டியது: கொடியைக் கிளாம்ப் போட்டு வெட்டினதும், நச்சுக்கொடிப் பக்கம் இருக்குற கொடியைத் துணியால நல்லாத் துடைச்சு, தடிச்ச ரத்தக் குழாய்ல ஊசி வச்சு சிரிஞ்சுல உறிஞ்சணும். மூணு அஞ்சு மி.லி. போதும். ஊதா மூடி டியூப்ல கொஞ்சம், சிவப்பு மூடியில கொஞ்சம். கொடியப் பிதுக்கி டியூப்ல சொட்டவிடுறது தப்பு, ஏன்னு லேப்காரர் சொல்லட்டும். ரெட்டைப் பிள்ளைன்னா ரெண்டு கொடிக்கும் தனித்தனி லேபிள், ஒண்ணு பாசிட்டிவ்னாலும் ஊசி. தாய் ரத்தமும் அப்பவே, ஊசிக்கு முன்னாடி.

லேப்காரர் | 11 மே, இரவு 9.30

பிதுக்கினால் கொடிக்குள் இருக்கும் கூழ் கூடவே வரும். அது சிவப்பணுக்களை ஒட்டவைத்து, நெகட்டிவ் பிள்ளையைப் பாசிட்டிவ் என்றும், டி.சி.டி. (நேரடிக் கூம்ப்ஸ் டெஸ்ட், பிள்ளையின் அணு மேல் எதிர்ப்புப் புரதம் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது) பாசிட்டிவ் என்றும் காட்டும். உப்புக் கரைசலில் பல முறை கழுவ வேண்டிவரும்.

கொடி ரத்தத்தில் பார்ப்பது குரூப், டி, வீக்-டி, டி.சி.டி. பிள்ளையின் சீரத்தை வைத்துக் குரூப்பைச் சரிபார்க்க முடியாது, அதில் இருப்பது தாயின் எதிர்ப்புப் புரதம். அணுவை வைத்து மட்டும்தான்.

இரண்டு பொறி. ஒன்று, 28ல் போட்ட ஊசி பிள்ளைக்கும் கொஞ்சம் போயிருப்பதால் டி.சி.டி. மெலிதாகப் பாசிட்டிவ் வரும். அதனால் தாய்க்கு ஊசி தடைபடாது. இரண்டு, இதைவிட ஆபத்தானது: எதிர்ப்பு ஏற்கெனவே உருவான தாயின் பிள்ளைக்கு டி எல்லாம் புரதத்தால் மூடியிருக்கும், நாம் ஊற்றும் ரீஏஜென்ட் (சோதனைத் திரவம்) ஒட்ட இடம் இருக்காது. "நெகட்டிவ்" என்று வரும். டி.சி.டி. பலமான பாசிட்டிவ், டி நெகட்டிவ் என்று ஒரு ரிப்போர்ட் வந்தால் அந்த நெகட்டிவை நம்பாதீர்கள்.

தெற்குமாசி | 12 மே, இரவு 11.00

அழகர் தரிசனம் முடிஞ்சு வந்து கேக்குறேன். ஒரு பிரசவத்துக்கு ஒரு வயல் எப்பவும் போதும்தானே?

மேலமடை | 13 மே, இரவு 10.20

எப்பவும் இல்லை. 300 மைக்ரோகிராம் தாங்குவது 30 மி.லி. பிள்ளை ரத்தம், அதாவது சிவப்பணு மட்டும் என்றால் 15 மி.லி. பெரும்பாலான பிரசவங்களில் கலப்பது இதைவிட மிகக் குறைவு. நச்சுக்கொடி முன்பே பிரிந்தது, கையை விட்டு எடுத்தது, வயிற்றில் பலத்த அடி, வயிற்றிலேயே இறந்தது, பிள்ளை காரணமில்லாமல் வெளிறிப் பிறந்தது, இந்த நேரங்களில் ஒரு வயலை நம்பக் கூடாது. தாயின் ரத்தத்தில் பிள்ளை ரத்தம் எவ்வளவு கலந்தது என்று கணக்கிடும் கிளைஹவர் டெஸ்ட் கேட்க வேண்டும். சிசேரியன் என்ற ஒரே காரணத்துக்காக இரண்டு வயல் போடுவதும் தேவையில்லை.

லேப்காரர் | 14 மே, மாலை 6.45

அந்த டெஸ்டின் வேலை இதுதான். தாயின் ரத்தம், பிரசவமாகி முக்கால் மணி நேரம் போல கழித்து, ஊதா மூடியில். கண்ணாடித் துண்டில் மெல்லிசாகப் பூசி, ஆல்கஹாலில் நிலைநிறுத்தி, அமிலக் கரைசலில் முக்குவது. பெரியவர்களின் ஹீமோகுளோபின் கரைந்து அணு வெறும் நிழலாக நிற்கும். பிள்ளையின் ஹீமோகுளோபின் அமிலத்தைத் தாங்கும், சாயம் ஏற்றினால் அடர்ந்த சிவப்பாக நிற்கும். 2000 அணு எண்ணுகிறோம் என்று வையுங்கள்.

26 பிள்ளை அணு என்றால் 1.3 சதவீதம். தாயின் ரத்தம் 5000 மி.லி. என்று வைத்து, 50ஆல் பெருக்கினால் 65 மி.லி. அதை 30ஆல் வகுத்தால் 2.17. புள்ளிக்குப் பின் அரைக்குக் கீழ் என்றால் கீழே இறக்கி ஒன்று கூட்டு: 3 வயல். 8 அணு என்றால் 0.4 சதவீதம், 20 மி.லி., 0.67. அரைக்கு மேல் என்பதால் மேலே ஏற்றி ஒன்று கூட்டு: 2 வயல். அந்தக் கூடுதல் ஒன்று எண்ணுவதில் வரும் பிசகுக்காக. ஒரே இடத்தில் குத்தாமல் பிரித்துப் போட வேண்டும்.

தாய்க்குத் தலசீமியாச் சுவடு இருந்தால் அவருடைய அணுக்களே கொஞ்சம் அமிலத்தைத் தாங்கும். சிவப்பு, வெளிர்சிவப்பு என்று கலந்து தெரிந்தால் எண்ணிக்கையை நம்பாமல் டாக்டரிடம் சொல்வது நல்லது.

வைகைக்கரை | 20 மே, காலை 10.00

ரெண்டாவதோட குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணிக்கிறவங்களுக்கும் இந்த ஊசி வேணுமா? அதான் இனிமே பிள்ளையே இல்லையே.

மேலமடை | 20 மே, இரவு 10.50

போடுவதே நல்லது. ஆபரேஷன் தவறிக் கரு தங்குவதும் உண்டு, குழந்தையை இழந்து திரும்பக் குழாயை இணைத்துக்கொள்ள வருபவர்களும் உண்டு. பிறகு எப்போதாவது அவசரத்தில் பாசிட்டிவ் ரத்தம் ஏற்ற நேர்ந்தால், உருவான எதிர்ப்பு அன்றைக்கு வேறு சிக்கல்.

எதிர்ப்பு ஏற்கெனவே உருவானவர்கள் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், தனிச்செய்தியில் கேட்கிறார்கள். அவர்களுக்கு ஊசி வீண் செலவு. டைட்டர் மாதம் ஒருமுறை, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. 1:16 தொட்டால் பிள்ளையின் மூளை ரத்தக் குழாயில் டாப்ளர் ஸ்கேன். ரத்த ஓட்டத்தின் உச்ச வேகம் அந்த வாரத்து நடுமதிப்பைப்போல் 1.5 மடங்கு தாண்டினால் பிள்ளைக்குச் சோகை என்று பொருள், வயிற்றுக்குள்ளேயே ரத்தம் ஏற்றும் வசதியுள்ள இடத்துக்கு உடனே போக வேண்டும். முந்தைய பிள்ளை இதனால் பாதிக்கப்பட்டிருந்தால் டைட்டருக்காகக் காத்திருக்கவே கூடாது, நேராக டாப்ளர்.

நைட்டூட்டி | 21 மே, காலை 6.20

பிறந்தப்புறம் இந்தப் பிள்ளைங்களைக் காலை வெயில்ல காட்டிச் சரிபண்ணப் பாக்காதீங்க. பிறந்து 24 மணி நேரத்துக்குள்ள மஞ்சள் தெரிஞ்சா அது எப்பவும் நோய்தான், சாதாரண மஞ்சள் இல்ல. நீல விளக்கு, அதுக்கும் அடங்கலைன்னா ரத்தம் மாத்துறது. கிலோவுக்கு 160, 170 மி.லி. கணக்கு, மூணு கிலோ பிள்ளைக்கு அரை லிட்டர் புது ஓ நெகட்டிவ். அது ராத்திரி ரெண்டு மணிக்குத் தேடுனா கிடைக்கிற பொருள் இல்ல. தாய்க்கும் அப்படித்தான், பி நெகட்டிவ் ரெண்டு பேர் நம்பரையாவது தேதிக்கு முன்னாடி எடுத்து வச்சிருங்க. ஈ-ரக்த்கோஷ் தளத்துல ரத்த வங்கி இருப்பு பாக்கலாம், பாத்துட்டுப் போனும் போட்டுக் கேட்டுக்கங்க.

தெற்குமாசி | 22 மே, மதியம் 3.00

இந்த மருந்து எங்கருந்து வருதுன்னு யாரும் கேக்கல. எதிர்ப்பு உருவான ஆட்களோட பிளாஸ்மாவுல இருந்துதான். ஆஸ்திரேலியாவுல ஜேம்ஸ் ஹாரிசன்னு ஒருத்தர் 1173 தடவை கொடுத்தார், 2025 பிப்ரவரியில இறந்தார். 1968ல அமெரிக்காவுல விற்பனைக்கு வந்த மருந்து. இப்ப லேப்ல அணு வளர்த்துத் தயாரிக்கிற மோனோக்ளோனல் வகையும் நம்ம கடையில இருக்கு, விலை கொஞ்சம் கம்மி. "மனுச ரத்தத்துல எடுத்ததா, நோய் வராதா"ன்னு கேக்குறவங்களுக்கு: சோதிச்சு, வைரஸ் செயலிழக்கச் செஞ்சுதான் வருது.

உசிலைத்தம்பி | 8 ஜூலை, இரவு 11.30

மேலூர்ல பொண்ணு. பி பாசிட்டிவ். 6ஆம் தேதி ராத்திரி பிறந்தா, நேத்து மதியம் ரெண்டாவது 300 போட்டாச்சு. ஸ்டிக்கர் ஒட்டியாச்சு. டி.சி.டி. லேசா பாசிட்டிவ்னாங்க, நான் அவங்களுக்கே விளக்கம் சொன்னேன்.

இப்ப ஒரு சந்தேகம். அவளுக்கு ரூபெல்லா எதிர்ப்பு இல்லைன்னு ரிப்போர்ட், டிஸ்சார்ஜுக்கு முன்னாடி தடுப்பூசி போடலாம்கிறாங்க. ஆன்டி-டி போட்டதால தள்ளிப் போடணுமா?

மேலமடை | 9 ஜூலை, காலை 7.10

மகளுக்கு வாழ்த்து. தள்ள வேண்டாம், வேறு கையில் போட்டுக்கொள்ளலாம். ஊசியில் இருக்கும் புரதம் அந்தத் தடுப்பூசியின் வேலையைக் கொஞ்சம் மட்டுப்படுத்த வாய்ப்பு இருப்பதால் 6 முதல் 8 வாரம் கழித்து ரூபெல்லா ஐ.ஜி.ஜி. ஒருமுறை பார்த்து, எதிர்ப்பு வரவில்லை என்றால் திரும்பப் போடச் சொல்லுங்கள். போட்ட பிறகு ஒரு மாதம் கரு தங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தாய்ப்பாலுக்குத் தடை இல்லை.